இடப்பக்கம் காலியாக இருந்த சாலை

பள்ளி வேன் ஓட்டும் ஜபருல்லாவின் கணக்குப்படி, இந்த ரமலானுக்குப் பிறகு லப்பைக்குடிக்காட்டில் ஒரு இரும்புக் கேட்டும், ஒரு கரும்பு டிராக்டரும், ஒரு மின்கம்பமும் அவருடைய வேனின் இடப்பக்கத்தில் வந்து உரசியிருந்தன. மின்கம்பம் வந்து உரசியது என்பதை மட்டும் அவர் மனைவி ஜைனம்பு ஏற்கவில்லை. பெரம்பலூர்க் கண் ஆஸ்பத்திரிக்கு அவரை இழுத்து வந்துவிட்டாள். வேனை ஓட்டி வந்தது என்னவோ அவர்தான்.

முதல் பரிசோதனை இருட்டறையில் நடந்தது. வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்காவது வெளிச்சம் மினுங்கினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். வெளிச்சம் வரும்போதெல்லாம் இயந்திரம் 'டிக்' என்பதை அவர் சீக்கிரமே கண்டுகொண்டார். ரியாத்தில் லைசென்ஸ் எடுத்தபோது, கேள்வி புரியாமலே அதிகாரியின் புருவத்தைப் பார்த்துப் பதில் சொல்லித் தேறியவர் அவர். டிக் என்றால் அழுத்தினார். ஒன்றையும் விடவில்லை.

டாக்டர் ஆர்த்தி முடிவுத் தாளைப் புரட்டிப் பார்த்தாள்.

"பாய், எல்லா மனுஷனுக்கும் கண்ணுல ஒரு எடம் குருடு. அங்கயும் மெஷின் வெளிச்சம் போட்டுப் பாக்கும். உங்களுக்கு அங்கயும் தெரிஞ்சிருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஜபருல்லா.

"வூட்ல காலுகிட்ட கெடக்குற செருப்புதாங்க இவருக்குத் தெரியாது" என்றாள் ஜைனம்பு.

அடுத்த இயந்திரத்தில் பொத்தான் இல்லை. அது யாரையும் எதுவும் கேட்கவில்லை. கண்ணுக்குள் ஒரு நொடி பார்த்துவிட்டு, வட்டம் வட்டமாக அச்சடித்துத் தந்தது. வட்டங்களில் பெரும்பாலும் சிவப்பு. டிரைவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"விழித்திரையில ஓடுற நரம்புப் படலத்தோட தடிமன் இது. சராசரியா தொண்ணூறுக்குப் பக்கத்துல இருக்கணும். உங்களுக்கு வலது அறுபத்தாறு, இடது அம்பத்தெட்டு."

"அம்பத்தெட்டு என்னங்க?"

"மைக்ரான். ஒரு மில்லிமீட்டர ஆயிரமாப் பிரிச்சா அதுல ஒண்ணு."

"அவ்ளோ சின்ன விஷயத்துக்கா இவ்ளோ பெரிய மெஷினு?"

டாக்டர் சிரிக்கவில்லை. மறுபடி இருட்டறைக்கு அனுப்பினாள். அங்கிருந்த சிந்து என்ற பெண், "கேக்குறதுக்கு அழுத்தாதீங்க பாய். பாக்குறதுக்கு மட்டும் அழுத்துங்க" என்றாள்.

டிக். அவர் காத்திருந்தார். டிக். ஒன்றுமில்லை. அரியலூர்ச் சாலையில் விளக்கே போடாத சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போவதுபோல் சத்தங்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. கட்டைவிரல் துடித்தது. அழுத்தவில்லை.

இம்முறை தாளின் இடப்பக்கம் கறுத்து வந்தது.

"எனக்குக் கறுப்பா எதுவும் தெரியலையே டாக்டர். எல்லாம் வெளிச்சமாத்தான் இருக்கு."

"தெரியாது. கண்ணுல விழாத எடத்த மூளையே நெரப்பிரும். பக்கத்துல ரோடு இருந்தா அங்கயும் ரோடுன்னு காட்டும். க்ளாக்கோமாங்குற கண் நோய் அப்படித்தான். போனது வராது பாய். மிச்சத்தச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம். ஆனா வேன் வேண்டாம்."

ஜபருல்லா தாளின் கறுத்த பக்கத்தைப் பார்த்தார். வேனுக்காகப் பிள்ளைகள் நிற்பது எப்போதும் சாலையின் இடப்பக்கத்தில்தான். பல காலைகளில் அந்த ஓரம் காலியாக, சுத்தமாக, வெயில் படிந்து கிடந்ததை அவர் பார்த்திருக்கிறார். பார்த்ததாக நினைத்திருக்கிறார்.

வெளியே வந்து பள்ளித் தாளாளர் தமிழரசனைப் போனில் அழைத்தார்.

"சார், வேன் பெரம்பலூர் கண் ஆஸ்பத்திரில நிக்குது. ஆள் அனுப்பி எடுத்துக்கங்க."

"ஏன் பாய், பிரேக் டவுனா?"

"வண்டி நல்லாருக்கு சார்."

"அப்ப நாளைக்கு யாரு ஓட்டுறது?"

"தெரியல சார். நான் இல்ல."

சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்தார்கள். பஸ் நிறுத்தம் எதிர்ப்பக்கம் இருந்தது. ஜைனம்பு சட்டென்று அவருக்கு இடப்பக்கம் வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நிக்காஹ் ஆகி இத்தனை வருஷத்தில் தெருவில் அப்படி நடந்ததேயில்லை.

"எல்லாரும் பாக்குறாங்க புள்ள."

"இந்தப் பக்கம் இருக்கிறவங்கதான் பாக்குறாங்க. அவங்கதான் உங்களுக்குத் தெரியாதே. நடங்க."