கரையும் மை

பிற்பகல் வெயில் மாடிகளின் மேல் தகடு தகடாய்ப் படிந்து, தெருவின் இருமருங்கும் நின்ற கட்டடங்களின் நிழலை அவற்றின் காலடியிலேயே சுருட்டி வைத்திருந்த வேளை. கடைகளின் இரும்புத் திரைகள் பாதி இறங்கியிருந்தன. பேருந்துகள் மட்டும் வெற்றிருக்கைகளைச் சுமந்து, யாருக்காகவோ நின்று, யாரும் ஏறாமல் நகர்ந்துகொண்டிருந்தன. அத்தெருவின் நடுவே, கீழே ஒரு தையற்கடையும் மேலே பெயர்ப்பலகை இல்லாத மூன்று அறைகளும் கொண்ட பழைய கட்டடம் ஒன்று உண்டு. படிப்போரே, அவ்வறைகளுக்குள் உங்களை அழைத்துச் செல்லுமுன் அங்கு நிலவிய ஒழுங்குகளைச் சொல்லிவிடுகிறேன். இக்கதையில் நிகழ்ந்தவை யாவும் அவ்வொழுங்குகளால் நிகழ்ந்தவையே.

அரசின் காவற்கூடங்களில் வதைபட்டு மீண்டவர்களுக்கு மருத்துவம் செய்யும் இல்லம் அது. அங்கே கதவைத் தட்டும் வழக்கம் இல்லை. தட்டப்பட்ட கதவின் வழியே ஒருநாள் இழுத்துச் செல்லப்பட்டவர்கள் மறுமுறை அவ்வோசையைத் தாங்கமாட்டார்கள் என்பதால், வாயிலில் ஒரு கயிறு தொங்கும். வருவோர் அதை இழுத்தால் உள்ளே சிறிய பச்சை விளக்கு எரியும். தட்டுவோர்க்கு இக்கதவு திறவாது என்னும் உறுதி ஒவ்வொருவர்க்கும் முதல்நாளிலேயே அளிக்கப்படும். ஒட்டுக் கேட்கும் காதுகளாகிவிட்ட கைப்பேசிகளை எல்லோரும் கீழே தையற்காரரின் தகரப்பெட்டியில் போட்டுவிட்டே மேலேறுவர்.

மூன்றாவது ஒழுங்கு ஏடுகளைப் பற்றியது. வந்த ஒவ்வொருவர்க்கும் ஒரு தாள். அதில் மனித உடலின் முன்புறமும் பின்புறமும் வெறுங்கோடுகளாக வரையப்பட்டிருக்கும். தழும்பு எங்கே, நீளம் எவ்வளவு என்பதை அளந்து, அழியாத கறுப்பு மையால் அதன்மேல் குறிப்பர். பெயர் இராது, எண் மட்டுமே. அவ்வாறு ஐம்பத்திரண்டு தாள்களின் படிகள் வழக்கு மன்றத்தில் ஏற்கெனவே சேர்ந்திருந்தன. எந்த எண் எவர் என்பதை நடுவரின் தனியறையில் நேரில் சொல்லவேண்டும் என்பது மன்றத்தின் ஆணை. அப்பெயர்கள் ஒரே ஒரு மெல்லிய ஏட்டில் இருந்தன. அதை எழுதியது பள்ளிப் பிள்ளைகளின் நீல மை. தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். “கல்வெட்டு வேண்டாம், இதுக்குக் கோலம் போதும்” என்பார் தலைமை மருத்துவர்.

அன்று அவ்வில்லத்துக்கு ஒரு பெருமை நாள். வதைபட்டோரின் பக்கம் நின்றமைக்காக நகரின் மறுகோடியில் ஓர் அமைப்பினர் விழா எடுத்து, நினைவுப் பலகை ஒன்றை வழங்க அழைத்திருந்தனர். எல்லோரும் போயினர். இயன்முறை மருத்துவர் ஒருவர் மட்டும் போகவில்லை. நாற்பது வயதுப் பெண்மணி. கூட்டத்தைக் கண்டால் கைகளை எங்கே வைப்பது என்று அறியாதவர். மருத்துவத்துக்கு வரும் ஓட்டுநர் ஒருவரின் முறை இன்று என்பதைப் போகாமைக்குக் காரணமாகச் சொல்லிவிட்டார்.

ஓட்டுநர் இருபத்து மூன்று ஆண்டுகள் நகரப் பேருந்து ஓட்டியவர். வேலைநிறுத்தம் ஒன்றில் பிடிபட்டு, உள்ளங்கால்களில் அடிபட்டு, இன்று மிதிகட்டையை அழுத்தவும் இயலாதவர். வாரம் ஒருமுறை வந்து, வெந்நீர் நிறைந்த அகன்ற கலத்தில் கால்களை ஊறவைத்து அமர்வார். மருத்துவர் எதிரே தரையில் அமர்ந்து, ஒவ்வொரு விரலையும் தொடுமுன் தொடப்போவதைச் சொல்லி, மெல்லப் பிடித்துவிடுவார்.

“இன்னைக்கு உங்களுக்கு மாலை போடுறாங்களாம். நீங்க என் காலைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க, டாக்டரம்மா.”

“நான் டாக்டர் இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது? சுண்டுவிரலைத் தொடப்போறேன்.”

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

மூன்று தட்டு. பின் ஐந்து. ஓட்டுநரின் கால்விரல்கள் நீருக்குள் நத்தைபோல் சுருங்கின. மருத்துவர் எழவில்லை. தட்டினால் திறப்பதில்லை என்று இம்மனிதருக்குச் சொன்ன சொல் அவர் முழங்கால்களின் மேல் கல்லாய் அமர்ந்திருந்தது. படியில் பல காலடிகள் கேட்டன. உள்ளே யார் என்று ஓர் அதிகாரக் குரல் வினவ, தையற்காரர் விடையிறுத்தார்: “மேல யாரும் இல்லைங்க. எல்லாரும் விழாவுக்குப் போயாச்சு.”

அவர் பொய் சொன்னார். இருவரும் மேலே இருப்பது அவருக்குத் தெரியும். காப்பாற்றவே சொன்னார். அந்த அன்பே அவர்களைச் சிறையிட்டது. ஆளில்லா இடத்தைப் பூட்டி அரக்கு வைக்கும் ஆணையோடு வந்தவர்கள் இரும்புச் சங்கிலியைக் கைப்பிடியில் சுற்றினர். உருகிய அரக்கின் மணம் கதவிடுக்கின் வழியே உள்ளே வந்தது. ஆறு மணிக்கு வண்டி வரும், பேழைகளை உடைத்து எல்லா ஏடுகளையும் அள்ளிவிடலாம், குறிப்பாக அந்தப் பெயர் ஏடு என்று ஒருவர் மற்றவரிடம் சொல்வதும் தெளிவாகக் கேட்டது. படியில் ஒரு காவலர், பின்முற்றத்தில் சாளரத்துக்கு நேர்கீழே ஒரு காவலர் என நிறுத்திவிட்டுப் போயினர். அப்போது மணி மூன்று.

மருத்துவர் பெயர் ஏட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வழிகளை ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்த்தார். கூவினால் கதவு திறக்கும், ஆனால் திறப்பவர் அவர்கள். எரித்தால் புகை காட்டிக்கொடுக்கும். எறிந்தால் காவலரின் தலையில் விழும். கழிப்பறையில் நீர் இறைத்தால் படியில் கேட்கும். ஏடு அவர்கள் கைக்குப் போனால் ஐம்பத்திரண்டு வீடுகளின் கதவுகள் மறுபடி தட்டப்படும். ஏடு அழிந்தால் ஐம்பத்திரண்டு உடல்களின் வழக்கும் அதனோடு அழியும். நிலைப்படியில் நின்ற கால்போல அவர் உள்ளம் முன்னும் போகாமல் பின்னும் வராமல் நின்றது.

மிஞ்சியது ஒரே வழி. கலத்தில் வெந்நீர் இருந்தது. ஆனால் கரைக்குமுன் அத்தனை பெயரையும் நெஞ்சில் ஏற்றவேண்டும். அதுவோ அவருக்கு அரிது. ஒரு முதுகைக் கண்டால் எண்ணைச் சொல்வார். பெயரோ நீரில் எழுதியதுபோல் அவரிடம் தங்காது.

ஓட்டுநர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “ஆறு மாசமா என்னை ‘அண்ணே’ன்னுதான் கூப்பிடுறீங்க. பேரு உங்களுக்கு நிக்காது. எனக்கும்தான். ஆனா யாரு எந்த சீட்டுல உக்காருவாங்கன்னு கேளுங்க, இன்னைக்கும் சொல்லுவேன். எல்லாரையும் வண்டியில ஏத்துங்க.”

“ஐம்பத்திரண்டு பேர், அண்ணே.”

“அம்பது சீட்டு. ரெண்டு பேரை எங்க வைக்கிறதுன்னு பார்த்துக்கலாம். டவுன் பஸ்ஸுல எடமில்லைன்னு யாரை இறக்கிவிட்டோம்?” பிறகு நீரைப் பார்த்தபடி சொன்னார்: “ஆனா பேரை மட்டும் என் காதுல போடாதீங்க. நான் ஒருதடவை சொன்னவன். ஒரே ஒரு பேரு. நாலாம் நாள். என் வண்டி கண்டக்டர்.”

இவ்வில்லத்தில் எதையும் கேட்பதில்லை என்பதால், ஆறு திங்களாக அவர் சொல்லாதிருந்ததும் அதுவே. மருத்துவர் உடல் வரைந்த தாள்களை எடுத்து அருகே வைத்துக்கொண்டார். ஏட்டைப் பிரித்தார்.

அவ்வாறே தொடங்கியது அந்தப் பயணம். மருத்துவர் எண்ணையும் தழும்பையும் மெல்லச் சொல்வார். ஓட்டுநர் இருக்கையைச் சொல்வார். பெயரை மருத்துவர் உதடசைய உள்ளுக்குள் மட்டும் சொல்லிக்கொள்வார். முழங்கால் மடங்காதவருக்கு முன்வரிசை ஓரம், கால் நீட்டலாம். முதுகில் சுட்ட தழும்புள்ளவர் சாய முடியாது, கம்பிக்குப் பின்னுள்ள இருக்கை, பிடித்துக்கொண்டு முன்சாயட்டும். இருட்டறையில் கிடந்த பெண்ணுக்குச் சாளரம். ஒரு பக்கம் முடிந்ததும் முதலிலிருந்து ஒருமுறை அமர்த்திப் பார்ப்பார். எல்லோரும் இருந்தால் அத்தாளைக் கிழித்து நீரில் அமிழ்த்தி, கட்டைவிரலால் தேய்ப்பார். எழுத்துகள் புகைபோல் நெளிந்து எழுந்து, ஓட்டுநரின் கணுக்கால்களைச் சுற்றி நீலமாய்ப் படர்ந்து மறையும். வெளுத்த தாளை மறுபடி ஏட்டின் அட்டைக்குள் செருகுவார்.

“எட்டு. ரெண்டு உள்ளங்காலும்.”

“அது நாந்தானே. நான் உக்கார்ற எடம் உங்களுக்குத் தெரியாதா?”

இருவரும் ஓசையின்றிச் சிரித்தனர். சிரிப்பு அடங்கும்வரை வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. படியில் காவலர் இருமினார்.

வெயில் சுவரில் ஏறி மஞ்சளாயிற்று. நீர் ஆறியது. ஐந்து மணிக்கு முப்பத்தாறு பேர் அமர்ந்திருந்தனர்.

“முப்பத்தேழு. வலது காது கிழிஞ்சு தைச்சது. முதுகுல ஏழு கோடு. வலது கட்டைவிரல் நகம் ரெண்டா பிளந்திருக்கு, அது பழசு, கதவுல…”

பழக்கத்தால் வாசித்துக்கொண்டே போனவர் அச்சொல்லில் நின்றார். நின்றதே சொல்லிவிட்டது.

“பஸ் கதவுல” என்றார் ஓட்டுநர். “அந்த விரல் என்னாலதான் நசுங்கிச்சு. அவரு ஏறுறதுக்குள்ள நான் கதவை இழுத்துட்டேன். ரெண்டு நாள் எங்கூடப் பேசலை. மூணாம் நாள் அவரே டீ வாங்கிக் கொடுத்தாரு.”

பின் அவர் கேட்டார்: “இங்க வந்தாரா? உயிரோட இருக்காரா?”

ஒருவர் வந்ததை மற்றவர்க்குச் சொல்லலாகாது என்பது அவ்வில்லத்தின் உயிரான ஒழுங்கு. பன்னிரண்டு ஆண்டுகளாக அதை ஒருமுறையும் மீறாத அப்பெண்மணி நீலம் படிந்த தம் விரல்களைப் பார்த்தபடி சொன்னார்: “நடந்து வந்தாரு. நடந்து போனாரு.”

ஓட்டுநர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. மருத்துவர் அவரைத் தேற்றவில்லை. அழுகையை நிறுத்துவதும் அங்கே வழக்கமில்லை. ஆனால் மணி ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணே. எந்த சீட்டு அவருக்கு?”

துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது: “கண்டக்டர் என்னைக்கு உக்காந்தாரு? பின்படியில நிக்க வைங்க.”

ஐம்பது பேர் அமர்ந்தனர். ஒருவர் ஓட்ட, ஒருவர் நின்றார். இறுதித் தாளும் கரைந்தபோது ஆறு மணிக்குச் சில மணித்துளிகளே இருந்தன.

அரக்கை உடைத்து உள்ளே வந்தவர்கள், ஆளற்றது என எண்ணிய அறையில் ஒரு பெண்மணி ஒருவரின் கால்களைத் துடைத்துக்கொண்டிருப்பதைக் கண்டு திகைத்தனர். தட்டியபோது ஏன் திறக்கவில்லை என்றார் மேலதிகாரி. “இங்க தட்டினா திறக்கிறதில்லைங்க” என்றார் மருத்துவர். நீர் ஏன் நீலம் என்று கேட்டதற்குக் கால் மருந்து என்றார். அடியில் ஏதும் ஒளிந்திருக்குமோ என ஐயுற்ற காவலர் ஒருவர், தம் கையாலேயே கலத்தைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்து, வெறுங்கலத்தைத் தடவிப் பார்த்தார். உடல் வரைந்த தாள்களையும், நனைந்து வெளுத்த ஓர் ஏட்டையும் அவர்கள் கட்டி எடுத்தனர்.

இருவரையும் படியிறக்கியபோது, விழா முடிந்து வந்த தலைமை மருத்துவர் நினைவுப் பலகையை நெஞ்சோடு அணைத்தபடி கீழே நின்றிருந்தார். மேடையில் அவர், இன்று வராத ஒருவரின் கைகளுக்கும் இது உரியது என்று ஒரு வரி மட்டும் சொல்லியிருந்தாராம். கடந்து சென்ற அக்கைகளைப் பார்த்தார். விரல்கள் நீலமாய் இருந்தன. அவருக்கு விளங்கியது.

ஓட்டுநரை மறுநாள் விட்டனர். மருத்துவரைப் பதினொரு நாள் வைத்திருந்து, ஏடு எங்கே என்று ஒரே வினாவை எல்லா வகையிலும் கேட்டனர். “உங்ககிட்டதான் இருக்கு” என்று அவர் மெய்யே சொல்லிக்கொண்டிருந்தார். பெயர்கள் ஓர் ஏட்டில்தான் இருக்கமுடியும் என்பது அவர்கள் கொண்ட முடிவு. வெளியே வந்தபின் தையற்காரர் அவர்முன் நிற்க நாணி, என் நாக்குதான் உங்களைப் பூட்டியது என்றார். ஓட்டுநர், என்னிடம் அந்த ஒரு பெயரைக் கேட்டிருந்தால் மறுபடி சொல்லியிருப்பேன் என்றார்.

“என்னையும் வேற மாதிரி கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், அண்ணே. அம்பத்திரண்டையும்” என்றார் மருத்துவர்.

அதைக் கேட்டபின் ஓட்டுநர் முதன்முறையாக அவர் கண்களை நேரே பார்த்தார்.

இல்லத்தின் கதவில் மறுபடி வைத்த அரக்கு இன்னும் இருக்கிறது. நினைவுப் பலகை தையற்கடையில் துணிச்சுருளுக்குப் பின்னே சாய்ந்திருக்கிறது. கடையின் பின்னறையில் கலமும் வெந்நீரும் இருக்கின்றன, வாரம் ஒருமுறை ஓட்டுநர் வருகிறார். வழக்கு மும்முறை தள்ளிப்போயிற்று. மறுபடி எழுதினால் மறுபடி ஓர் ஏடு ஆகிவிடும் என்பதால் மருத்துவர் எழுதவில்லை. ஊரைவிட்டுப் போவதில்லை. காய்ச்சல் வந்தால் அஞ்சுகிறார், பிதற்றிவிடுவோமோ என்றும், மறந்துவிடுவோமோ என்றும். படிப்போரே, பூட்டிய அறையிலிருந்து அவர் வெளிவந்தார் என்று நான் எழுதினேனாயினும், அவ்வறை அவரிடமிருந்து வெளிவரவில்லை. மேடையும் மாலையும் அறியாத இத்தகையோர்க்கு நாம் செய்யத்தக்க சிறப்பு, அவர்கள் சுமப்பது இன்னதென அறிந்திருப்பதே.

நாள்தோறும் விடியலில், எழுமுன், கண்மூடியபடி அவர் ஒவ்வொருவரையும் ஏற்றுகிறார். கால் நீட்டுவோர், சாய முடியாதோர், சாளரத்தருகே ஒரு பெண். இருக்கைகள் நிறைகின்றன. கடைசியாக, பின்படியில் ஒருவர் ஏறி நிற்கிறார். ஓட்டுநர் கண்ணாடியில் பார்க்கிறார். நிற்பவர் விரலை எடுக்கும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் கதவை மூடுகிறார்.