உரக் காம்பராவின் முத்திரை

இது ஐம்பத்திரண்டில் நடந்ததா, ஐம்பத்துமூன்றிலா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆந்தை முந்தியா அன்னம் முந்தியா என்பதிலும் குழப்பம் உண்டு. விளக்குதான் முதலில் வந்தது என்பது மட்டும் நிச்சயம். அந்த மண்ணெண்ணெய்ப் போத்தல்கள் மறக்கக்கூடியவை அல்ல.

கொட்டகலைக்குப் போகும் வண்டிப்பாதையோரம் தேயிலைத் தோட்டத்துப் பழைய உரக் காம்பரா ஒன்று மூட்டை எதுவும் இல்லாமல் காலியாகக் கிடந்தது. கொழுந்து நிறுக்கும் செல்லசாமி அதை வெள்ளைக்காரத் துரையிடம் கேட்டு வாங்கினான். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஞாயிறு மத்தியானங்களில் சொல்லிக்கொடுப்பது அவன் திட்டம். துரை ஒரே நிபந்தனை போட்டார். நாலாவது ஞாயிறு அவர் வந்து பார்க்கும்போது இருபது பேராவது உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மறுநாளே உர மூட்டைகள் திரும்பி வந்துவிடும்.

வேறு யாராயிருந்தாலும் சனம் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் ஆட்களைக் கூப்பிட்டிருப்பார்கள். செல்லசாமி பெயர் யோசித்தான். பதினோரு நாள் யோசித்தான். தேயிலை மலைக்கு நடுவே ஒரு பாறை இருந்தது. அதில் உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுந்திருக்க மாட்டான். கடைசியில், 'மலைநாட்டு அறிவொளி ஞானோதய முதியோர் கல்விக் கழகம்' என்று எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"இதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சு, வேலைக்குக் கூப்பிடுற பெரட்டு மணி அடிச்சிரும்" என்றாள் அவன் மனைவி நாகலெட்சுமி.

அவளும் கைநாட்டுதான். முதல் வரிசையில் அவள் உட்கார வேண்டும் என்பதே அவன் ஆசை. அதற்காகத்தான் இத்தனை பாடும். அவளிடம் அதைச் சொன்னதில்லை.

"நீயும் வாறியா புள்ள?"

"கெழட்டு வயசுல சிலேட்டத் தூக்கிட்டு வந்தா மலையே சிரிக்கும். நீங்க போங்க."

அவளுக்கு முப்பத்தொரு வயது.

பஸ்ஸுக்குப் பெயர் எழுதும் அந்தோனிமுத்து பெயர்ப்பலகை எழுதக் கடைவீதியிலிருந்து வந்தான். பெயரைப் படித்துவிட்டுப் பலகையைப் பார்த்தான். பிறகு மறுபடியும் பெயரைப் படித்தான்.

"அண்ணே, இதுக்குப் பலக பத்தாது. சுவரு வேணும்."

பெயரைப் பொடி எழுத்தில் ஓரமாக எழுதி, நடுவில் முத்திரையாக விளக்கு வரைந்தான். முதல் ஞாயிறு பதினாலு பேர் வந்தார்கள். எல்லார் கையிலும் போத்தல். மண்ணெண்ணெய் இல்லையென்றதும், "இல்லாத சாமானுக்கு என்னத்துக்குப் படம்?" என்று திட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் ஆந்தை என்றே வைத்துக்கொள்வோம். ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் அட்டையில் அது அறிவின் அடையாளமாக இருந்ததைச் செல்லசாமி பார்த்திருந்தான். அன்று கடைவீதிக்குப் போன சனம் மொத்தமும் உரக் காம்பராவுக்கு முன்னால் வராமல் தண்ணீர் ஓடும் கான் தாண்டி, முள்ளுக்குள் இறங்கிச் சுற்றிப் போனது.

மூன்றாவது வாரம் அன்னம். வட்டவளைப் பக்கத்து ஆள் ஒருவர் உள்ளே வந்து நாலு மூலையையும் பார்த்தார். செல்லசாமி அவர் உட்காரச் சாக்கை உதறி விரித்தான்.

"தம்பி, வாத்து முட்ட எடுக்கிறதா இருந்தா எங்கிட்ட இருக்கு" என்றார் அவர்.

நாலாவது சனிக்கிழமை செல்லசாமி வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தோனிமுத்து அன்னத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கொழுந்துக் கூடையோடு வந்த நாகலெட்சுமி நின்றாள்.

"எந்தப் படம் போட்டாத்தான் ஒங்களுக்கெல்லாம் வெளங்கும், சொல்லு" என்றான் செல்லசாமி.

அவள் பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள். "எங்களுக்குத் தெரிஞ்சது இது ஒன்னுதாங்க."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். செல்லசாமி எழுந்து பாறைக்குப் போனான். கேலியைக் கேலியென்று எடுத்துக்கொள்ளத் தெரியாத அந்தோனிமுத்து, பலகை நடுவே சுளகளவுக்கு ஒரு கைநாட்டை ரேகை ரேகையாக வரைந்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டான்.

ஞாயிறு மத்தியானம் பலகையைப் பார்த்த செல்லசாமி, சுரண்ட ஏதாவது கிடைக்குமா என்று தேடினான். எதை ஒழிக்கப் பள்ளிக்கூடம் வைத்தானோ, அதுவே முத்திரையாகத் தொங்கியது. அழிக்க நேரமில்லை. கீழே வளைவில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஐந்து பேர், பத்துப் பேர், பிறகு எண்ண முடியவில்லை. பழைய கங்காணி மூக்கன்தான் முன்னால் வந்தார். வெற்றிலைச் சாறு படாமல் வலது பெருவிரலை உயர்த்திப் பிடித்திருந்தார்.

"என்னப்பா பதிவு இது? கைநாட்டு எடுக்கிறாங்கன்னு தண்ணி புடிக்கிற பீலிக்கரையில சொன்னாங்க. மை எங்க?"

"என்ன பதிவுன்னு தெரியாமலேயே வந்தீங்களா?"

"எந்தப் பதிவு நமக்குத் தெரிஞ்சிருக்கு? பிரஜாவுரிமைப் பதிவு மாதிரி இதையும் விட்டா பேரு போயிரும்ல."

பதிவில்லை என்று சொல்லச் செல்லசாமி வாயைத் திறந்தான். அப்போது வரிசையின் கடைசியில் நாகலெட்சுமியைக் கண்டான். சோப்புப் போட்டுக் கழுவிய பெருவிரலோடு நின்றாள். அவன் அவளருகே போனான்.

"நீ எதுக்குடி நிக்கிற? இது நம்ம காம்பரா."

"தெரியுது. எல்லாரும் நிக்கிறாங்க. நான் மட்டும் நிக்காம, என் பேரு விட்டுப்போச்சின்னா?"

செல்லசாமி வாசலுக்குத் திரும்பிப் போய்ச் சத்தமாகச் சொன்னான்.

"கைநாட்டு வைக்கிறவங்க எல்லாரும் உள்ள வந்து வரிசையா உக்காருங்க. பேரு எழுதணும்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

துரை வந்தபோது நாற்பத்துமூன்று பேர் தரையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு சுண்ணாம்புக்கட்டித் துண்டைச் சந்தேகத்தோடு பிடித்திருந்தார்கள். துரை பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"யாரு விரல் இது?"

"எல்லாரோடதும்தாங்க தொர."

துரை தலைகளை எண்ணினார். உரத்துக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். "மை இன்னும் வரல்லியே" என்று மூக்கன் மாலைவரை கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறும் அதைக் கேட்கவே வந்தார்.

அந்த நீளப் பெயரைக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் அது பெருவிரல் பள்ளிக்கூடம்தான். அந்தோனிமுத்து பிறகு ஹட்டனில் கடை போட்டான். ஆந்தை மட்டும் வரைவதில்லை. துரை ஐம்பத்தெட்டில் சீமைக்குப் போனார். மூக்கன் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டு, சாகும்வரை 'மூ' என்றே கையெழுத்துப் போட்டார். வட்டவளை ஆள் கடைசிவரை முட்டைதான் விற்றார். செல்லசாமி அறுபத்துநாலுவரை அங்கே சொல்லிக்கொடுத்தான். பெயரைத் திருத்துவதையும் விடவில்லை. நாகலெட்சுமி ஒன்பது மாதத்தில் தன் பெயரை எழுதக் கற்றாள். அது நீளமான பெயர். தோட்டத்துக் கிளாக்கரின் சம்பளப் புத்தகத்தில் பக்கத்துக் கட்டத்துக்குள்ளும் போகும். சுருக்கச் சொன்னார்கள், அவள் சுருக்கவில்லை.