சித்திரையில் மாடி ஏறும் கம்பளம்

மொன்ட்ரியாலின் மேற்கே ரொக்ஸ்பரோவில் யோசெப்பினின் வீட்டுக் கம்பளம் ஒவ்வொரு சித்திரையிலும் பேஸ்மென்ட்டிலிருந்து படியேறி மாடி அறைக்குப் போகும். ஐப்பசியில் குளிர் தொடங்கியதும் தானாகவே இறங்கிவிடும். பக்கத்து வீட்டு ஈரான்காரி ஃபரிபா வன்கூவருக்குக் குடிபெயர்ந்தபோது அதைக் கொடுத்து, வழியில் கதிரை மேசை வைக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஈரானின் தெற்கே ஆட்டு மந்தையோடு கோடைக்கு மலைக்கும் குளிருக்குச் சமவெளிக்கும் போய்வரும் கஷ்காய் பெண்கள் நூறு வருடத்துக்கு முன் முடிச்சு முடிச்சாக நெய்த கம்பளம் அது. தறியை நிலத்தில் முளையடித்துக் கட்டுவார்கள். மந்தை கிளம்பினால் முளையைப் பிடுங்கி, பாதி நெய்ததைச் சுருட்டிக் கழுதையில் ஏற்றுவார்கள். போன இடத்து வேரில் சாயம் காய்ச்சுவதால் ஒரே சிவப்பு நடுவில் நிறம் மாறும். வழியிலேயே பிறந்த பொருள் ஓரிடத்தில் கிடக்காது என்பது யோசெப்பினுக்கு நியாயமாகவே பட்டது. படியில் கிடந்த செருப்புகளை ஒதுக்கி வைத்தாள், அவ்வளவுதான்.

அக்கா கிறேஸ், தன் மகளின் கல்யாணத்தில் பொம்பிளை மாப்பிளை நடந்துவரும் வழியில் நிலபாவாடையாக விரிக்க அதை இரவல் கேட்டாள். வெள்ளைத் துணி விரிப்பதுதான் வழக்கம். ஆனால் கிறேஸுக்கு எதிலும் மற்றவர்களைவிட ஒரு படி மேலே நிற்கவேண்டும். யோசெப்பின் மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். தாய் செத்தபோது அவள் சிறுபிள்ளை. தலை இழுத்துப் பின்னி, சோறு ஊட்டி வளர்த்தவள் கிறேஸ்தான். ஐப்பசிக் கடைசியில் கல்யாணம் முடிந்து, கம்பளம் சுருட்டிக் கட்டியபடி திரும்பி வந்தது. இரவல் போன பொருளைக் கொண்டுவந்தவர் முன்னால் விரித்துப் பார்ப்பது எங்கள் ஆட்களிடம் முகத்தில் அடிப்பதற்குச் சமம். அக்கா போன பிறகும் யோசெப்பினுக்கு மனம் வரவில்லை. கட்டவிழ்க்காமலே பேஸ்மென்ட்டில் வைத்தாள்.

சித்திரை வந்தது, கம்பளம் அசையவில்லை. பனியெல்லாம் கரைந்த பிறகு கட்டை அவிழ்த்தாள். கம்பளத்தின் முதுகில் ஒரு முடிச்சுகூட இல்லை. பாவு நூலே நீண்டு குஞ்சமாக வேண்டிய இடத்தில் மெஷினால் தைத்த குஞ்சம் தொங்கியது.

"அக்கா, கம்பளம் மாறி வந்திட்டுது போல கிடக்கு," என்று போனில் சொன்னாள்.

"நீ தந்ததைத்தானே பிள்ளை திருப்பித் தந்தனான். என்னையோ சந்தேகப்படுறாய்?"

யோசெப்பின் படியில் குந்தியிருந்து அழுதாள். கம்பளத்துக்காக இல்லை. உலகத்தில் எவரை நம்பாவிட்டாலும் இவளை நம்பலாம் என்று இருந்தவளை, அக்கா குரல்கூடத் தடுமாறாமல் கழுத்தறுத்துவிட்டாள்.

நடந்தது இதுதான். சம்பந்தி வீட்டார் கம்பளத்தைக் கிறேஸுடையது என்று நினைத்துப் புகழ்ந்தார்கள். அவள் இல்லையென்று சொல்லவில்லை. பிறகு சொல்ல முடியாமலே போய்விட்டது. கடையில் அதே மாதிரி ஒன்றை வாங்கிச் சுருட்டித் தங்கையிடம் கொடுத்துவிட்டு, தன் மொன்ட்ரியால்-நோர் வீட்டு ஹோலில் இதை விரித்து வைத்தாள். தங்கையின் போன் வந்த சில நாளில், சித்திரை முடியுமுன், அது கதவை நோக்கி ஊரத் தொடங்கியது. அதன்மேல் சோபாவை இழுத்துப் போட்டாள். சோபாவும் சேர்ந்து நகரவே, தானும் ஏறி இருந்துகொண்டாள். கம்பளம் சோபாவையும் கிறேஸையும் சுமந்தபடி வெளிப்படிகளால் இறங்கி, ஆற்றோரம் குவான் வீதியால் மேற்கே போனது. பஸ்கள் ஹோர்ன் அடித்துவிட்டு விலகிக்கொண்டன. பின்னேரம் அது ரொக்ஸ்பரோ வாசலில் வந்து நின்றபோது, பிளாஸ்டிக் உறை போட்ட சோபாவில் கிறேஸ் மடியில் கைப்பையோடு இருந்தாள்.

"உன்ர சாமானைக் கொண்டு வந்து தந்திட்டன்," என்றாள், இறங்காமலே. "இனி ஒரு கதையும் வேண்டாம்."

கொண்டுவந்தாளாம். களவைவிட அந்தச் சொல்தான் யோசெப்பினுக்கு வலித்தது. கதவைத் திறந்தாள். சோபா கதவு நிலையில் இடித்து வெளியே நிற்க, கம்பளம் அடியிலிருந்து உருவிக்கொண்டு உள்ளே வந்து நேரே படியேறியது. யோசெப்பின் தேநீர் போட்டு, அக்காவுக்குப் பிடித்தபடி சீனி கூடப் போட்டு, வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இப்போதும் ஞாயிறு பூசை முடிந்து கிறேஸ் வருவாள். யோசெப்பின் சாப்பாடும் கொடுப்பாள், சுகமும் விசாரிப்பாள். உள்ளே வாங்கோ என்று மட்டும் சொல்வதில்லை. மழையானாலும் பனியானாலும் கிறேஸ் வாசலில் கிடக்கும் அந்த சோபாவிலேயே இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாள்.