ரெண்டாவதுதான் நல்லாருக்கு

படுக்கையறைத் துணி அலமாரிக்கு மூன்று வருடமாக 'ஒலிப்பதிவுக் கூடம்' என்று பெயர். பெயர் வைத்தவர் வித்வான். அவருக்கு வித்வான் என்று பெயர் வைத்தது அவர் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை. அந்தப் பெயரில் கொஞ்சம் கிண்டல் கலந்திருப்பது கடையில் எல்லாருக்கும் தெரியும், அவர் ஒருவரைத் தவிர.

அலமாரியின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து, மனைவியின் கோட்டுகளுக்கும் தன் சட்டைகளுக்கும் நடுவே மைக்கை நிறுத்தி, தலையை உள்ளே விட்டுக்கொண்டு பாடுவார். துணி எதிரொலியை விழுங்கிவிடுமாம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, யாரோ காணாமல்போன காலுறையைத் தேடிக்கொண்டே அழுவதுபோல் இருக்கும். அந்த நேரத்தில் மின்விசிறி சுற்றக் கூடாது. குழாய் திறக்கக் கூடாது. மச்சான் தும்மக் கூடாது. ஃப்ரிட்ஜின் பிளக்கை அவரே பிடுங்கிவிடுவார். திரும்பச் சொருக மறந்துபோய் இரண்டு தடவை பால் கெட்டது. அதிலிருந்து வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டுப் பாடப் போவார். சாவியைத் தேடினால் பிளக் ஞாபகம் வரும் என்பது கணக்கு. சாவி ஜில்லென்று இருக்கும்.

பாடல்கள் இணையத்தில் வெளியீடு அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை. கடையில், எழுத்துகள் சிறிதாகிக்கொண்டே போகும் பரிசோதனை அட்டைக்குப் பக்கத்திலேயே அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது: 'அகவெளியின் அலைகள். ஒன்பது பாடல்கள். ஒரு தனிமனிதனின் பயணம்.' தனிமனிதன் என்ற சொல்லை அவர் மனைவி இரண்டு முறை படித்தாள். அவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். தினமும் வேலைக்குப் போகும்போது கோட்டை எடுக்க, கணவரின் பாட்டு முடியும்வரை கட்டில் ஓரத்தில் கைப்பையோடு காத்திருப்பவள்.

"தனியாவா பயணம் போறீங்க? நாங்கல்லாம் டிக்கெட் இல்லாம வந்தவங்களா?" என்றாள்.

"அது ஒரு கலைச்சொல்லும்மா," என்றார் வித்வான்.

பாடுவதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பாடிய பிறகுதான் வீட்டுக்கு வேலை. வித்வானின் தொழில் கண் பரிசோதனை. கனமான சட்டம் ஒன்றை வாடிக்கையாளரின் மூக்கில் மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா? முதலாவதா, ரெண்டாவதா?" என்று நாளுக்கு முந்நூறு முறை கேட்பவர். அந்தக் கேள்வி கடையோடு நிற்கவில்லை. மனைவி, பதினோரு வயது மகள், கூடவே தங்கியிருக்கும் மனைவியின் தம்பி மூவரையும் வரவேற்பறையில் வரிசையாக உட்காரவைத்து, பாட்டைப் பழையபடி ஒரு முறையும் திருத்தியபடி ஒரு முறையும் போட்டுக் காட்டுவார்.

"முதலாவதா, ரெண்டாவதா?"

"ரெண்டாவது," என்பாள் மகள்.

"ரெண்டாவதுதான்," என்பாள் மனைவி.

"ரெண்டாவதுல ஒரு ஆழம் இருக்கு மாமா," என்பான் மச்சான். பஸ் ஓட்டுகிறவன். நாள் முழுக்க முன்னால் வண்டி, பின்னால் ஹாரன் என்று இருப்பவனுக்கு வீட்டுக்கு வந்தால் எல்லாமே ஆழம்தான்.

வித்வான் நேர்மையானவர். பழையதை முதலில் போடுவார், திருத்தியதை இரண்டாவதாகப் போடுவார். அந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. மூன்று வருடத்தில் அவர் செய்த ஒரு திருத்தமும் தோற்றதில்லை. புல்லாங்குழல் சேர்த்தார், ஜெயித்தது. புல்லாங்குழலுக்குப் பின்னால் மழைச் சத்தம் சேர்த்தார், அதுவும் ஜெயித்தது. ஆறாவது பாட்டில் தன் குரலையே பதினான்கு முறை பாடி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். ஒரே ஆள் கூட்டமாக வந்து கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. "ஆழம்," என்றான் மச்சான்.

'என் வீட்டாரின் காது பொய் சொல்லாது' என்று வித்வான் கடையில் சொல்லிக்கொள்வார். அங்கே அவர் இன்னொன்றும் சொல்லிக்கொள்வார்: பரிசோதனைக்கு வருபவர்களில் சிலர் கண்ணால் பார்த்துப் பதில் சொல்வதில்லை, சீக்கிரம் எழுந்து போகிற அவசரத்தில் எதையாவது சொல்வார்கள், அவர்களைப் பிடிக்கத் தன்னைவிட்டால் ஆளில்லை. பவர் இல்லாத வெறும் கண்ணாடியை இரண்டு முறை போட வேண்டியது. ஒரே கண்ணாடிக்கு 'இதுதான் நல்லாருக்கு' என்று அடித்துச் சொன்னால் ஆள் பொய்.

வெளியீட்டுக்குப் பத்து நாள் இருக்கையில் மகள், வகுப்பில் பலகை மங்கலாகத் தெரிகிறது என்றாள். வித்வான் பள்ளி முடிந்ததும் அவளைக் கடைக்கு வரச் சொன்னார். உயரமான நாற்காலியில் ஏற்றி, சட்டத்தை மாட்டி, முதல் லென்ஸைப் போட்டார். அடுத்த லென்ஸைக் கையில் எடுத்தார். இன்னும் போடவில்லை.

"ரெண்டாவது," என்றாள் மகள்.

"இன்னும் போடவே இல்லையே?"

"சரி, போடுங்க... ம், ரெண்டாவது."

வித்வானின் தொழில் மூளை விழித்துக்கொண்டது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் வெறும் கண்ணாடியைப் போட்டார், எடுத்தார், அதையே திரும்பப் போட்டார்.

"ரெண்டாவதுதான்ப்பா. நல்லா தெளிவா இருக்கு."

"பொய் சொல்றே," என்றார். கண்டுபிடித்த சந்தோஷம்கூட இருந்தது குரலில். "கண் விஷயத்துல விளையாடலாமாடா?"

"பொய் இல்லப்பா. பழக்கம்."

"என்ன பழக்கம்?"

மகள் அந்தப் பெரிய சட்டத்துக்குள்ளிருந்து அவரைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. பதினோரு வயதில் அந்த யோசனை அதிக நேரம் தாங்காது.

"முதலாவதுன்னு சொன்னா நீங்க ஏன்னு கேப்பீங்க. ரெண்டாவதுன்னு சொன்னா 'ம்'னு சொல்லிட்டு எழுந்து போயிடுவீங்க. அம்மாதான் சொல்லிக்குடுத்தாங்க. மாமாவுக்கும் நான்தான் சொன்னேன். ஆழம்ங்கறது மட்டும் மாமாவோட சொந்தம்."

வித்வான் லென்ஸ் பெட்டியை மூடினார். பிறகு திறந்தார். பெண்ணுக்குக் கண் பார்க்க வேண்டுமே. 'முதலாவதா, ரெண்டாவதா' என்று கேட்க வாய் வரவில்லை. அட்டையில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லி, அவள் தடுமாறிய வரியைப் பார்த்து முக்கால் பவர் என்று எழுதினார். பக்கத்தில் ஒட்டியிருந்த 'தனிமனிதனின் பயணம்' அவளுக்குக் கண்ணாடி இல்லாமலே நன்றாகத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் வரவேற்பறையில் சபை கூடியது. மகள் வாயைத் திறக்கவில்லை போலிருக்கிறது, மற்ற இருவரும் வழக்கம்போல் வந்து உட்கார்ந்தார்கள். வித்வான் நான்காவது பாட்டைப் போட்டார். முடிந்ததும் அதே பாட்டை, ஒரு புள்ளியும் மாற்றாமல், திரும்பப் போட்டார்.

"முதலாவதா, ரெண்டாவதா?"

மகள் சோபாவின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது," என்றாள் மனைவி, கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"முதலாவது கொஞ்சம் இரைச்சல் மாமா. ரெண்டாவதுல அதெல்லாம் சுத்தமா எடுத்துட்டீங்க. என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமே பண்ணலைடா. ரெண்டும் ஒண்ணுதான்."

மச்சானுக்குத் திடீரென்று பஸ் டிப்போவில் ஏதோ வேலை ஞாபகம் வந்தது. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

"மூணு வருஷமா என்னை ஏமாத்தியிருக்கீங்க," என்றார் வித்வான்.

மனைவி கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். "ஒரு தடவை முதலாவதுன்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

அவருக்கு இல்லை.

"முதல் பாட்டு. வெறும் கிட்டாரும் உங்க குரலும் இருந்துச்சு. அப்புறம் அதுல வயலின் மாதிரி ஏதோ போட்டீங்க. முதல்ல இருந்ததுதான் நல்லாருக்குன்னு சொன்னேன். எனக்கு இசை ஞானம் ஏன் வளரலைன்னு முக்கால் மணி நேரம் விளக்கினீங்க. அப்புறம் மூணு நாள் பேசலை. நாலாவது நாள்லேர்ந்து எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்குது."

வித்வான் பதில் சொல்ல வாயெடுத்தார். முக்கால் மணி நேரத்துக்கான பதில் கைவசம் இருந்தது. நல்லவேளை, அது அவருக்கே கேட்டுவிட்டது போலும், வாயை மூடிக்கொண்டார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இந்த ஒன்பதில் ஏதாவது ஒரு பாட்டு உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா? வெள்ளிக்கிழமை ஊருக்கெல்லாம் திறந்துவிடப்போகிறதை இதுவரை ஒருவராவது கேட்டிருக்கிறாரா? அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து, முதன்முதலில் பாடிவைத்த மேக்கப் போடாத பதிவுகளைத் தேடி எடுத்தார். ஒன்றில் மூச்சு வாங்குகிறது. ஒன்றில் சாவி விழுகிறது. கேட்டார். அப்புறம் பதினான்கு குரல் அடுக்கியதைக் கேட்டார். எது நல்லது என்று அவருக்கே தெரியவில்லை. நாளுக்கு முந்நூறு முறை அடுத்தவரிடம் கேட்டுக் கேட்டுச் சொந்தக் கண்ணை ஒருநாளும் பரிசோதிக்காதவர் நிலைமை.

மறுநாள் மூவரையும் மறுபடி உட்காரவைத்தார். மச்சானையும் விடவில்லை. "இந்த ஒரு தடவை மனசுல பட்டதைச் சொல்லுங்க. நான் ஏன்னு கேக்க மாட்டேன். சத்தியம்."

கணினியைத் திறந்தார்.

"முதலாவது," என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில்.

பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை.

அவர் கணினியை மூடிவிட்டார். அந்த வாரம் யாரையும் எதுவும் கேட்கவில்லை. வீட்டில் அது ஒரு விசித்திரமான அமைதியாக இருந்தது. மின்விசிறி சுற்றியது. குழாய் ஓடியது. ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டே இருந்தது. மச்சான் தும்மிவிட்டு, பழக்கதோஷத்தில் மன்னிப்புக் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வித்வான் மைக்கைக் கழற்றுவதற்காகப் படுக்கையறைக்கு வந்தார். மனைவி துவைத்த துணிகளை மடித்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வார்த்தை இல்லை, மெட்டு மட்டும். ஆறாவது பாட்டு.

பதினான்கு குரலாக அடுக்கிய ஆறாவது பாட்டு இல்லை. அதில் மூன்றாவது வரி மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். இவள் முணுமுணுத்ததில் அந்த வரி கீழே இறங்கியது. பாதியில் ஒரு இடைவெளி வேறு. முதல் நாள் பாடும்போது அவருக்கு மூச்சு முட்டி நின்ற இடம் அது. அந்த நிறுத்தத்தையும் சேர்த்து, அவர் முட்டிய அதே அளவுக்கு, அவள் நிறுத்தினாள். ஒரு தலையணை உறையை உதறினாள். பிறகு தொடர்ந்தாள்.

கட்டில் ஓரத்தில் கைப்பையோடு கோட்டுக்காகக் காத்திருந்தபோது கேட்டிருக்கிறாள். யாரும் அவளைக் கேள்வி கேட்பதற்கு முன்னால்.

அவள் திரும்பினாள். "என்ன?"

முதலாவதா, ரெண்டாவதா என்பது தொண்டைவரை வந்தது. "ஒண்ணுமில்ல. நீ மடி," என்றார்.

"மடிச்சுட்டுத்தானே இருக்கேன். சும்மா நிக்கிறதுக்கு இந்தப் போர்வையோட அந்த முனையைப் பிடிங்க."

பிடித்தார்.

மீதியிருந்த நாலு நாளும் வித்வான் வீட்டில் ஒற்றனாக நடமாடினார். மகள் குளியலறையில் இருக்கும்போது தாழ்வாரத்தில் தேவையில்லாமல் பல்பு மாற்றினார். செவ்வாய்க்கிழமை அங்கிருந்து இரண்டாவது பாட்டின் பல்லவி வந்தது, புல்லாங்குழல் இல்லாமல். புதன்கிழமை மனைவி காய் நறுக்கும்போது எட்டாவது பாட்டில் நாலு வரி. மச்சான் ஷூவுக்குப் பாலிஷ் போடும்போது சீட்டியடித்தான். வித்வான் கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பல் தேய்க்கும் பேஸ்ட் விளம்பரம்.

வியாழக்கிழமை கணக்குப் போட்டார். ஒன்பதில் மூன்று. மற்ற ஆறு பாட்டையும் வீட்டில் எந்த வாயும் தானாக எடுக்கவில்லை. அவற்றில் இரண்டு அவருக்கு உயிர். ஒன்றுக்கு வாழ்க்கைத் தத்துவம் என்று பெயர் வைத்து ஏழு நிமிடம் பாடியிருந்தார். கொஞ்ச நேரம் அந்தக் கோப்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு அதையும் எடுத்துத் தனியே வைத்தார். மூன்று பாட்டையும் முதல் நாள் பாடியபடியே, மூச்சு முட்டியதோடு, சாவி விழுந்ததோடு ஏற்றினார். கடை அறிவிப்பில் 'ஒன்பது' என்பதன் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி 'மூன்று' என்று எழுதினார். 'ஒரு தனிமனிதனின்' மேலும் ஒரு துண்டு ஒட்டினார். அதன் மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டார். 'பயணம்' மட்டும் மிஞ்சியது. வந்தவர்களில் ஒருவர், கடை வேறு இடத்துக்கு மாறுகிறதா என்று விசாரித்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியீடு. மகள் புதுக் கண்ணாடியோடு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, கோட்டை அலமாரியில் மாட்டினாள். ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு முதல் கருத்து வந்து விழுந்தது.

"மாமாதான்ப்பா! டிப்போவுலேர்ந்து!" மகள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தாள். "'முழுசாக் கேட்டேன் மாமா. எல்லாமே அருமை. அதுலயும் அந்த ரெண்டாவது பாட்டு! என்ன ஆழம்!'"

வித்வான் கடிகாரத்தைப் பார்த்தார். முதல் பாட்டே நான்கு நிமிடம்.

மனைவியும் கடிகாரத்தைப் பார்த்தாள். அவள்தான் முதலில் சிரித்தாள்.

"ஏன்னு கேக்கப் போறீங்களா?"

"இல்ல," என்றார் வித்வான். கையை நீட்டி, மச்சானின் கருத்துக்கு ஒரு விருப்பக்குறி போட்டுவிட்டு, இன்னும் பழக்கத்தில் அங்கேயே வைத்துவரும் வீட்டுச் சாவியை எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தார்.