நேராக நின்ற அத்தி

பல்லுக்குக் கம்பி மாட்டி நேராக்குவது என் தொழில். இருபத்திரண்டு வருஷமாக இதுதான். எங்கே கோணலைப் பார்த்தாலும் கை பரபரக்கும். வீட்டிலேயே அப்படி ஒன்று இருந்தது. என் மகளுக்குத் தெத்துப்பல்.

போன வருஷம் ஒரு விருந்தில், பத்துப் பேர் நடுவில், அவள் எதற்கோ சிரித்தாள். "இந்தப் பல்லைக் காட்டிச் சிரிச்சா என்கிட்ட எவன் வைத்தியத்துக்கு வருவான்? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்றேன். தமாஷ் என்று நினைத்துத்தான் சொன்னேன். அன்றிலிருந்து அவள் சிரித்தால் கை போய் வாயை மூடிக்கொள்ளும். என்னோடு பேச்சும் நின்றது. நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் எல்லாம் அவள் அம்மா வழியாகத்தான் வரும். கம்பி போட நானே ஒரு தேதி குறித்து வைத்தேன். "அவரையே போட்டுக்கச் சொல்லும்மா" என்று பதில் வந்தது.

எனக்கு ரத்த அழுத்தம் ஏறியது. "உங்க கோபத்தை எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்டுங்க, என் தலையில வேணாம்" என்று மனைவி ஒரு போன்சாய் வாங்கி வந்தாள். தட்டில் முழங்கை உயரத்துக்கு ஓர் அத்தி, முதுகு நன்றாக வளைந்து நின்றது. கூடவே ஒரு சுருள் அலுமினியக் கம்பி. அதைப் பார்த்ததும் பாதி அழுத்தம் இறங்கிவிட்டது.

தினமும் காலையில் அரை மணி நேரம் கம்பி சுற்றினேன், கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். மரம் எச்சில் துப்பவில்லை. எப்போ முடியும் டாக்டர் என்று கேட்கவில்லை. எனக்குத் தூக்கம்கூட ஒழுங்காக வந்தது. எட்டு மாதத்தில் அத்தியை ஸ்கேல் மாதிரி நிறுத்திவிட்டேன். பெருமை பிடிபடவில்லை. போன்சாய் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

சங்கச் செயலாளர் ஒரு பஸ் டிரைவர். மரத்தை இரண்டு முறை சுற்றி வந்தார்.

"எவன் சார் இதை இப்படிப் பண்ணினது?"

"நான்தான். நேராக்கியிருக்கேன்."

"நேரா மரம் வேணும்னா தெருவுலயே நிறைய இருக்கே சார். இந்த வளைவுக்காக யாரோ மூணு நாலு வருஷம் உட்கார்ந்து பாடுபட்டிருப்பாங்க."

அறையில் இருந்த அத்தனை பேரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். அவமானத்தில் காது சுட்டது. பத்துப் பேர் நடுவில் சொன்னால் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கம்பியை எடுத்தேன். கம்பி எடுத்த பல் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும். போகாமலிருக்க நாங்கள் இன்னொரு கிளிப் மாட்டுவோம். அத்திக்கு எதையும் மாட்டவில்லை. அது தன்பாட்டுக்குச் சாய்ந்தது. நடுவில் ஒரு புதுக் கிளை, பார்ப்பவர் மூக்கைக் குத்துகிற மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு வந்தது. அதை வெட்ட வேண்டும் என்பது சங்கத்து விதி.

ஞாயிற்றுக்கிழமை காலை பால்கனியில் கத்தரியோடு அதன் முன் உட்கார்ந்திருந்தேன். மகள் துணி காயப்போட வந்தாள். ஒரே சட்டையை மூன்று முறை உதறினாள்.

"அதை வெட்டப் போறீங்களா?"

அவள் அம்மா கடைக்குப் போயிருந்தாள். என்னிடம்தான் கேட்டாள்.

"இல்ல."

"துருத்திக்கிட்டு இருக்கே. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

என் வசனம். ஓர் எழுத்து மாறவில்லை.

"அன்னைக்கு அப்படிச் சொன்னது தப்பும்மா" என்றேன், மரத்தைப் பார்த்துக்கொண்டே. "கம்பி போடற தேதியையும் ரத்து பண்ணிட்டேன்."

"என்கிட்ட சொல்றீங்களா, மரத்துக்கிட்டயா?"

"மரத்துக்கு நான் தேதியே கொடுக்கலையே."

அவள் சிரித்துவிட்டாள். ஈரச் சட்டை கீழே விழுந்தது. கை காலியாகத்தான் இருந்தது, ஆனால் வாய்க்குப் போகவில்லை.

தெத்துப்பல் முழுசாகத் தெரிந்தது. பதினெட்டு மாதத்தில் நேராக்கிவிடலாம் என்று பழக்க தோஷத்தில் மனசு கணக்குப் போட்டது. நான் வாயை மூடிக்கொண்டேன்.