பன்னிரண்டாவது கொக்கி

1976 ஏப்ரலிலிருந்து நெய்வேலி நகரியத்துக் கல்லூரியின் பெரிய அரங்கில் தொங்கிய பதினோரு மின்விசிறிகளும், அவற்றைக் கொடுத்தவர்கள் விழித்திருக்கும்போது மட்டும் சுழன்றன. கொடுத்தவர்கள் எல்லாரும் அங்கேயே படித்துவிட்டுச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த பழைய மாணவர்கள். இறக்கைகளில் சிவப்புப் பெயின்டால் 'உபயம்' என்று போட்டு, பெயர், படித்த வருடம், குவார்ட்டர்ஸ் எண் வரைக்கும் எழுதியிருந்தார்கள். எலக்ட்ரீஷியன் மூன்று முறை கழற்றிப் பார்த்துவிட்டு, மோட்டாரில் பழுது ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்பும் நெய்வேலியில் கரண்டின் மேலும் பழி போட முடியாது. மாணவர்கள் இதைப் பெரிதுபடுத்தவில்லை. யாருக்கு எந்த ஷிப்ட் என்று வாராவாரம் விசாரித்து வைத்துக்கொண்டு, விழித்திருப்பவரின் விசிறிக்குக் கீழே பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

பன்னிரண்டாவது கொக்கி காலியாகவே இருந்தது. அது அரங்கைக் கட்டிக் கொடுத்த காண்ட்ராக்டர் வேலுமணிக்காக விட்டு வைத்தது. பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆண்டுதோறும் எழுந்து மைக்கைப் பிடித்து, "என் பங்குக்கு ஒரு ஃபேன். அடுத்த மாசம் இதே தேதியில தொங்கும், எழுதி வெச்சிக்குங்க!" என்பார். கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்காருவார். அதை எழுதி வைத்துக்கொண்டவள் புஷ்பவல்லி. அவளும் பழைய மாணவிதான். கல்லூரி ஆபீசில் ஆறு வருடமாக டெம்பரரி டைப்பிஸ்ட். 1978 கூட்டத்தில் வேலுமணி பேசிக்கொண்டிருந்தபோது, காலிக் கொக்கிக்குக் கீழே உட்கார்ந்திருந்த பெண்களின் முந்தானை படபடவென்று பறந்ததை அவள் பார்த்தாள். நிலக்கரித் தூசிக்குப் பயந்து ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். அவர் பேச்சை முடித்ததும் காற்றும் நின்றது. புஷ்பவல்லி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. இதையெல்லாம் சொல்லித் திரிகிற டெம்பரரி எந்தக் காலத்திலும் பர்மனென்ட் ஆனதில்லை.

மறுவருடம் கல்லூரி எம்.எஸ்ஸி. வகுப்பு கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டது. வகுப்பு கிடைத்தால் டைப்பிஸ்ட் வேலை பர்மனென்ட். கிடைக்காவிட்டால் இருக்கிற டெம்பரரியும் போய்விடும். மூன்று வருடமாக அந்த ஃபேனைப் பற்றிக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன புஷ்பவல்லி, அரங்கில் பன்னிரண்டு விசிறிகள் என்று தன்னையறியாமல் டைப் அடித்துவிட்டாள். பிரின்சிபால் கோபாலகிருஷ்ணன் அண்ணாந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். ஆய்வுக் குழு மே மாதம் பதினெட்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு வருவதாகத் தந்தி வந்த பிறகுதான் அவர் அண்ணாந்து பார்த்தார்.

"பன்னெண்டுன்னு அடிச்சது நீதானேம்மா?"

"ஆமாங்க சார்."

"அப்ப பன்னெண்டையும் நீயே ஓட வெச்சுடு. இல்லன்னா மிஷின மூடி வெச்சுட்டு வூட்டுக்குப் போயிடு."

அந்த வாரம் பார்த்து ஏழு பேருக்கு நைட் ஷிப்ட். பதினெட்டாம் தேதி ஒன்பது மணிக்கு புஷ்பவல்லி சைக்கிளை எடுத்துக்கொண்டு பிளாக் பிளாக்காகப் போய்க் கதவைத் தட்டினாள். ஆறு பேர் திட்டிக்கொண்டே எழுந்து காபி குடித்தார்கள். ஏழாவது ஆளான தாஜுதீன் வீட்டில் அவர் மனைவி சித்தீகா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இப்பத்தான் படுத்தாரு, தூங்கிகினு இருக்காரு. எங்க வூட்டு ஃபேனே கடகடன்னு கெடக்குது, இவரு காலேஜுக்குக் காத்து வுடணுமா?"

"அக்கா, என் வேலை போயிடும்க்கா. மத்தியானம் வரைக்கும் முழிச்சிருந்தா போதும்."

சித்தீகா அவள் முகத்தைப் பார்த்தாள். "அட, அதுக்கு ஏன்டி அழுவுற? நீ போ. அவரு அக்காவுக்குப் போட்ட வளையல பத்தி ரெண்டு வார்த்த எடுத்தேன்னா, மனுசன் நாளைக்கு வரைக்கும் தூங்க மாட்டாரு."

வேலுமணியை அழைத்து வரச் சிரமம் இருக்கவில்லை. மைக் இருக்கிறது என்று சொன்னதும் வெள்ளைச் சட்டையோடு வந்துவிட்டார். புஷ்பவல்லி குழுத் தலைவரின் நாற்காலியைக் காலிக் கொக்கிக்கு நேர் கீழே போட்டாள். பதினொரு மணிக்கு மைக்கை வேலுமணி கையில் கொடுத்து, "அண்ணே, ஃபேன் விஷயம் கொஞ்சம் விவரமா சொல்லுங்க. நான் கைகாட்டற வரைக்கும் நிறுத்தாதீங்க" என்றாள்.

வேலுமணியை அவர் வாழ்நாளில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒரு ஃபேன் என்று ஆரம்பித்தார். கால் மணி நேரத்தில் அது நான்கு இறக்கை ஃபேன் ஆனது. அரை மணியில் அதற்கு வெள்ளிப் பூண் கட்டினார். காலிக் கொக்கியிலிருந்து காற்று கொட்டியது. பக்கத்தில் தாஜுதீனின் விசிறி மற்ற பத்தையும்விட வேகமாகச் சுற்றியது. வளையல் பேச்சு நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. குழுவில் இளையவராக இருந்தவர் அண்ணாந்து எண்ணிப் பார்த்துவிட்டு, "சார், அங்க வெறும் கொக்கிதான் இருக்கு" என்றார். தலைவர் பறந்துபோன காகிதங்களைப் பிடித்துக்கொண்டே, "காத்து வருதா இல்லையா? பன்னெண்டுன்னு எழுதுப்பா" என்றார்.

எம்.எஸ்ஸி. வந்தது. புஷ்பவல்லி பர்மனென்ட் ஆனாள். ஆண்டுக் கூட்டங்களில் கடைசிப் பேச்சு வேலுமணிக்கே என்று வழக்கமானது. விருந்தினர்களுக்கு அந்தக் கொக்கிக்குக் கீழேதான் இடம். கோடையில் இரண்டு பரீட்சைகளுக்குக்கூட அவரை வரவழைத்து, வராந்தாவில் உட்கார்ந்து மெதுவாகப் பேசச் சொன்னார்கள்.

1985-இல் வேலுமணிக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. அந்த வாரம் அவர் ஸ்கூட்டரின் பின்னால் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். உள்ளே புத்தம்புது ஃபேன். இறக்கையில் பெயர்கூட எழுதியிருந்தது. ஊரே கூடி அதை மாட்டிப் பார்த்தது. ஸ்விட்சைப் போட்டார்கள். வேலுமணி கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கீழே நின்றார். ஃபேன் அசையவில்லை. அரங்கில் புழுக்கம் ஏறியது. மைக்கைப் பிடித்தவருக்கும் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய், முதல் தடவையாக வேர்த்து நின்றார்.

புஷ்பவல்லி ஸ்டூல் கொண்டுவரச் சொல்லி ஃபேனைக் கழற்ற வைத்தாள். அதைப் பெட்டியில் போட்டு, ஸ்கூட்டரிலேயே திரும்பக் கட்டச் சொன்னாள்.

"அடுத்த மாசம் எடுத்தாந்தா போதும்ண்ணே" என்றாள்.

வேலுமணி முகம் தெளிந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "என் பங்குக்கு ஒரு ஃபேன்" என்று அவர் ஆரம்பித்ததும், கொக்கிக்குக் கீழே இருந்தவர்கள் மடியிலிருந்த காகிதங்களைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள்.