மேடு ஏறும் இழுவை

தம்பி செத்து இரண்டு வருஷமாகியும் அவனுடைய வண்டியின் பெட்ரோல் குழாய் காலையில் திறந்தே கிடக்கும். மாலையில் பட்டறையைப் பூட்டும்போது என் கையால் மூடிவிட்டுத்தான் போவேன். மறுநாள் ஷட்டரைத் தூக்கி, பின்மூலையில் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தால் திறந்திருக்கும். டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் கிடையாது. ஆனாலும் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் எரிந்த வாசனை அந்த மூலையில் நிற்கும். பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் நான். எல்லாம் என் மறதி என்று சொல்லிக்கொள்வேன். மறதிக்காரியிடம் எவன் எஞ்சினைக் கொடுப்பான்?

சத்தம் இன்னொரு தொல்லை. யார் வண்டியை உதைத்து ஸ்டார்ட் பண்ணினாலும், வேகம் குறைந்து வரும்போது அடியில் ஒரு திக்கல் கேட்கும். "நல்லாத்தானேக்கா ஓடுது?" என்பார் வண்டிக்காரர். எனக்கு மட்டும் கேட்கும். அது தம்பி செத்த அன்று, மேடேறும் பந்தயத்தில் அவன் வண்டி திக்கிய திக்கல். கீழே கூட்டத்தோடு நின்று என் காதால் கேட்டேன்.

மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின வாரம் அவனுக்குச் சமதளத்தில் ஒரு பந்தயம். வேகம் வேண்டும் என்றான். சிலிண்டருக்கு அடியில் ஒரு கேஸ்கெட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வைத்தேன். காகிதம் மாதிரி மெல்லிய தகடுதான். அந்த அளவுக்குச் சிலிண்டர் மேலே ஏறினாலே உச்சியில் வேகம் கூடும், அடியில், அதாவது எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, இழுவை செத்துப்போகும். மேடு ஏறுவதற்கு இது தலைகீழாக வேண்டும். ஒன்றைக் கழற்றியே ஆக வேண்டும். அதற்குச் சைலன்சர், ஹெட், சிலிண்டர் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். எனக்கு முதுகு பிடுங்கிக்கொண்டிருந்தது, வாசலில் ஏழு வண்டி நின்றது. செயின் ஓடும் பல்சக்கரத்தில் முன் ஸ்ப்ராக்கெட்டை மட்டும் சின்னதாக மாற்றினேன், அதுவும் கொஞ்சம் இழுவை தரும். "மாத்திட்டியாக்கா?" என்றான். "எல்லாம் மாத்தியாச்சு, போடா" என்றேன்.

பாதி மேட்டில் எஞ்சின் திக்கி நின்றுபோனது. வண்டி பின்னால் சரிந்து அவன் மேலேயே விழுந்தது. "கியரைக் கோட்டை விட்டுட்டான்" என்று ஊரே பேசியது. நான் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் தம்பியின் பெண்டாட்டி பட்டறைக்கு வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். நேரே பின்மூலைக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்துப் போட்டாள்.

"அக்கா, அன்னிக்கு அவருக்குச் செஞ்ச மாதிரியே, இதுல அடி இழுவை நல்லா வர்ற மாதிரி செஞ்சு குடுங்க. நான் ஓட்டப் போறேன்."

எட்டு மாதமாக ஒரு தோழியின் வண்டியில் பழகியிருக்கிறாள். என்னிடம் மூச்சு விடவில்லை.

"ஓட்டி?"

"அந்த மேட்டை ஏறணும்."

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? ஒரு ஆளை வாரிக் குடுத்தது பத்தாதா?"

அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அன்னிக்குக் காலையில சண்டை போட்டு 'போய்த் தொலை'ன்னு சொல்லித்தான் அனுப்பினேன். உங்களுக்குத்தான் தெரியுமே. அவரு மனசு வண்டியில இருந்திருக்காது, அதான் கியரை விட்டுட்டாரு. அதே வண்டியில, சரியான கியர்ல நான் ஏறிப் பாக்குறேன். ஏறிடுச்சுன்னா வண்டி மேல தப்பில்ல, என் வாய் மேலதான்னு ஆயிடும். ஆகட்டும். தெரிஞ்சா தூக்கமாவது வரும்."

நான் ஒழுங்காக வேலை செய்தால் வண்டி கண்டிப்பாக ஏறும். புருஷனைக் கொன்றவள் தான்தான் என்று இவள் சாகும்வரை நம்புவாள். ஒழுங்காகச் செய்யாவிட்டால் இவளும் விழுவாள். அப்படியும் "சரி, பண்ணிடலாம்" என்றேன். என் வாய்க்கு அதுதான் பழக்கம்.

ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, மடியில் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். கழற்றுகிற ஒவ்வொரு நட்டையும் வாங்கி வரிசையாக வைத்தாள். கார்பரேட்டரைக் கழுவினேன். எஞ்சினுக்குள் காற்றை விடும் ரீட் வால்வின் இதழ்கள் ஓரம் சிதைந்திருந்தன. கொஞ்சம் இளக்கமான புது இதழ்கள் போட்டேன், அடியில் சீக்கிரம் திறக்கும். சைலன்சர் இறங்கியது, ஹெட் இறங்கியது. கடைசியாகச் சிலிண்டரைத் தூக்கினேன்.

இரண்டு கேஸ்கெட்டும் சூட்டில் ஒட்டி ஒன்றாகத் தெரிந்தன. என்னைத் தவிர யாரும் கண்டுபிடிக்க முடியாது. பழந்துணியில் சுருட்டிக் காலடியில் போட்டேன். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்த வாசனை எழுந்தது. பிரித்துப் போட்டுக் கிடக்கிற எஞ்சினிலிருந்து, அப்போதுதான் மேடேறி வந்து நின்ற மாதிரி, சுடச்சுட.

அவள் தலையை நிமிர்த்தினாள். "அக்கா, அவரு பக்கத்துல நிக்கிற மாதிரி இல்ல?"

இவ்வளவு நாள் அந்த வாசனை எனக்கு மட்டும்தான் என்று இருந்தேன். என் கையிலிருந்து ஸ்பானர் நழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனிந்த நான் பழந்துணியை எடுத்துப் பிரித்து, ஒட்டியிருந்த தகட்டின் நடுவில் பிளேடைக் கொடுத்தேன். தகடு இரண்டாகப் பிரிந்தது. இரண்டையும் அவளுடைய தட்டில் வைத்தேன்.

"ஒன்னுதான் இருக்கணும்" என்றேன். "கியர் சரியாத்தான் போட்டிருப்பான். ரெண்டு இருந்ததாலதான் வண்டி திக்குச்சு. ஒன்னைக் கழட்டணும்னு எனக்குத் தெரியும். கழட்டாமலே மாத்திட்டேன்னு அவன்கிட்ட சொன்னேன்."

அவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் மற்றதை. கத்துவாள், அடிப்பாள், எது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

"ரெண்டு வருஷமா என்னாலதான், என்னாலதான்னு உங்க மடியில விழுந்து அழுதேன். நீங்க என் தலையைத் தடவிக் குடுத்தீங்க. அப்ப உங்களுக்கு என்ன தோணுச்சு அக்கா?"

பொய் சொல்ல இடமிருந்தது. சொல்லத் தெம்பில்லை.

"நிம்மதியா இருந்துச்சு. என்னை யாரும் கேக்க மாட்டாங்கன்னு."

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. பெட்டியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மூடுங்க" என்றாள்.

புதுசாக ஒரே ஒரு கேஸ்கெட்டை வைத்தேன். சிலிண்டரை மெல்ல இறக்கினேன். நட்டுகளை ஒவ்வொன்றாக அவள் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, எதிரும் புதிருமாக முடுக்கினேன். ஹெட்டும் சைலன்சரும் ஏறின. அவள் கண் என் கையை விட்டு ஒரு நொடி விலகவில்லை. எல்லாம் முடிந்து கையைத் துடைத்தேன்.

"எத்தனை போட்டீங்க?"

"ஒன்னு."

"கழட்டிக் காட்டுங்க" என்றாள்.

நான் மறுபடி ஸ்பானரை எடுத்தேன்.